வெவ்வேறு பிராசசர்கள் கொண்ட கணினிகளில் பகிர்ந்து கம்பைல் செய்தல்: கம்பைலர் அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானவற்றை மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்துகொள்ளும் (அதாவது இயந்திர ஆணைகளாக மாற்றிக்கொள்ளும்) ஜென்டூ லினக்ஸைச் சிறிய கணினி ஒன்றில் நிறுவியவர்களுக்கு, ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்பு வெளிவரும் நாள் பொறுமையைச் சோதிக்கும் நாள். அந்தக் கணினி மணிக்கணக்கில் திணறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் அதைவிடப் பன்மடங்கு வேகமான இன்னொரு கணினி சும்மா கிடக்கும். அந்த வேகத்தைக் கடன் வாங்குவதற்கான கருவிதான் மார்ட்டின் பூல் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட டிஸ்ட்சிசி. அதை நிறுவுவது எளிது. ஆனால் கணினிகளின் பிராசசர்கள் ஒன்றுபோல் இல்லாதபோது கம்பைலருக்கு எந்த ஃபிளாக்குகளை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பங்களை) கொடுப்பது என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இடத்தைப் பற்றியது.

என்னிடம் இருக்கும் நான்கு கணினிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முதலாவது, பென்டியம் ஜி4400 பிராசசர் கொண்ட சிறு பெட்டி, இரண்டே கோர்கள். இரண்டாவது, ஆறு கோர்களும் பன்னிரண்டு திரெட்களும் கொண்ட ரைசன் 5 5600எக்ஸ். மூன்றாவது, நான்கு கோர்கள் கொண்ட பழைய கோர் ஐ5-4590. நான்காவது, ராஸ்பெரி பை 4. வேலையைக் கொடுக்கும் கணினியைக் கேட்கும் கணினி என்றும், வாங்கிச் செய்து தரும் கணினியை உதவிக் கணினி என்றும் குறிப்பிடுகிறேன். கட்டளைகளையும் ஃபிளாக்குகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரும்பாலானவை சிற்றெழுத்துகள்; ‘-இ’, ‘-கியூ’, ‘-ஓ2’ ஆகியவற்றின் எழுத்தும், சூழல் மாறிகளின் பெயர்களும், மேக்.கான்ஃப் கோப்பின் வரிப் பெயர்களும் பேரெழுத்துகள்.

எந்த வேலை எங்கே நடக்கிறது

டிஸ்ட்சிசி தன் சாதாரண நிலையில் ஒரு சி அல்லது சி++ கோப்பை எடுத்துக்கொண்டதும், முதலில் பிரீபிராசசிங் வேலையைக் கேட்கும் கணினியிலேயே முடித்துவிடுகிறது. ஹெடர் கோப்புகள் எல்லாம் உள்ளே இழுக்கப்பட்டு, மேக்ரோக்கள் எல்லாம் விரிக்கப்பட்டு, தனித்து நிற்கக்கூடிய ஒரே கோப்பாக மாறிய பிறகுதான் அது வலையமைப்பின் வழியே உதவிக் கணினிக்குப் போகிறது. உதவிக் கணினி அதைக் கம்பைல் செய்து, இயந்திர ஆணைகள் அடங்கிய ஆப்ஜெக்ட் கோப்பாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க் வேலை மீண்டும் கேட்கும் கணினியில்தான். ஆகவே உதவிக் கணினியில் அந்த நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளோ ஹெடர்களோ இருக்கத் தேவையில்லை. பொருத்தமான கம்பைலர் மட்டும் இருந்தால் போதும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றே. மார்ச் ஃபிளாக் என்பது, நிரல் எங்கே ஓடப்போகிறது என்பதைச் சொல்லும் ஃபிளாக். எங்கே கம்பைல் ஆகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஏவிஎக்ஸ்2 எனப்படும், பல எண்களை ஒரேயடியாகக் கையாளும் ஆணைகளை அறியாத பழைய பிராசசர் ஒன்றில் ஓடும் ஜிசிசி, ஏவிஎக்ஸ்2 ஆணைகள் நிறைந்த ஆப்ஜெக்ட் கோப்பை எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுதித் தரும். அந்த ஆணைகளை அது எழுதுகிறதே தவிர, இயக்கிப் பார்ப்பதில்லை. பலரும் செய்வதைப் போல, வீட்டில் உள்ள எல்லாப் பிராசசர்களுக்கும் பொதுவான மிகக் குறைந்த மட்டத்தைக் கண்டுபிடித்து, அதையே எல்லாக் கணினிகளிலும் எழுதிவைப்பது வீண் வேலை. ரைசனுக்கான நிரலை ரைசனுக்கு ஏற்பவும், பென்டியத்துக்கான நிரலைப் பென்டியத்துக்கு ஏற்பவும் கம்பைல் செய்யலாம். யார் உதவினாலும் சரி.

இந்த விதிக்குள் அடங்காத சொல் ஒன்று உண்டு: நேட்டிவ். ‘-மார்ச்=நேட்டிவ்’ என்று கொடுத்தால், ஜிசிசி தான் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரைக் கேட்டு, அதற்குத் தெரிந்த ஆணைகளை எல்லாம் பயன்படுத்திக்கொள்கிறது. ஜிசிசி 4.2 முதல் இருக்கும் இந்த வசதி, தனிக் கணினிக்கு அருமையானது. பகிர்ந்து கம்பைல் செய்யும்போதோ, அந்தச் சொல் எந்தக் கணினியில் படிக்கப்படுகிறதோ அந்தக் கணினியைக் குறிக்கத் தொடங்கிவிடும். இன்றைய டிஸ்ட்சிசி இதை அறிந்திருப்பதால், ‘-மார்ச்=நேட்டிவ்’ அல்லது ‘-எம்ட்யூன்=நேட்டிவ்’ கண்ணில் பட்டால் அந்தக் கோப்பை வெளியே அனுப்பாமல் உள்ளூரிலேயே கம்பைல் செய்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தோன்றும். உதவிக் கணினிகளின் விசிறி மட்டும் சத்தமே போடாது. டிஸ்ட்சிசி போட்டும் வேகம் கூடவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான். சில மென்பொருள்கள் தங்கள் சொந்தக் கட்டுமானக் கோப்பிலேயே நேட்டிவ் என்று எழுதிவைத்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதற்படி: நேட்டிவ் என்ற சொல்லை விரித்து எழுதுதல்

கேட்கும் கணினியில், அதாவது நிரல் ஓடப்போகும் கணினியில், ‘ஜிசிசி -### -இ - -மார்ச்=நேட்டிவ்’ என்று தட்டினால், ஜிசிசி உள்ளே இருக்கும் உண்மையான கம்பைலருக்கு என்னென்ன ஃபிளாக்குகளை அனுப்பும் என்பதை ஒரு நீண்ட வரியாகக் காட்டும். ‘ஜிசிசி -மார்ச்=நேட்டிவ் -கியூ --ஹெல்ப்=டார்கெட்’ என்ற கட்டளை அதையே பட்டியலாகத் தரும். ஜென்டூவில் ‘ரிசால்வ்-மார்ச்-நேட்டிவ்’ என்ற சிறு கருவி, தேவையற்றவற்றை உதிர்த்துவிட்டுச் சுருக்கமான வரியைத் தருகிறது. எந்த வழியில் எடுத்தாலும், எடுக்க வேண்டிய இடம் கேட்கும் கணினிதான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பென்டியம் ஜி4400 என்பது ஸ்கைலேக் தலைமுறையைச் சேர்ந்தது என்று படித்துவிட்டு, மேற்கண்ட கட்டளையை ஓட்டிப் பார்க்கும் சோம்பலில், கையாலேயே ‘-மார்ச்=ஸ்கைலேக்’ என்று எழுதிவைத்தேன். இரவு முழுவதும் ரைசனும் ஐ5-உம் உழைத்து, எல்லா மென்பொருள்களையும் புதிதாகக் கம்பைல் செய்து கொடுத்தன. காலையில் அந்தப் பெட்டியில் எதைத் தட்டினாலும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒரே பதில். கடைசியில் பாஷ் ஷெல்லே எழுந்திருக்க மறுத்துவிட்டது. காரணம் எளிது. பென்டியம், செலரான் என்ற பெயர்களில் விற்கப்பட்ட அந்தத் தலைமுறைப் பிராசசர்களில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் கிடையாது. ஜிசிசி-யின் அகராதியிலோ ஸ்கைலேக் என்றால் அவை இரண்டும் உண்டு. நேட்டிவ் வரியை விரித்திருந்தால், ஸ்கைலேக் என்ற பெயருக்குப் பின்னால் ‘-எம்நோ-ஏவிஎக்ஸ்’, ‘-எம்நோ-ஏவிஎக்ஸ்2’ என்பவையும் வரிசையாக வந்திருப்பதைப் பார்த்திருப்பேன். மீட்பதற்கு யூஎஸ்பி டிரைவிலிருந்து துவக்கி உள்ளே நுழையவும் முடியவில்லை. ஏனெனில் உள்ளே இருந்த ஷெல்லும் அதே பிராசசரில்தான் ஓட வேண்டும். வட்டைக் கழற்றி ரைசனில் மாட்டியதும், அதே ஷெல் எதுவுமே நடக்காததுபோல ஓடியது. அங்கிருந்து ஃபிளாக்குகளைத் திருத்தி, அடிப்படை மென்பொருள்களை மறுபடி கம்பைல் செய்த பிறகே அந்தப் பெட்டி பிழைத்தது. உதவிக் கணினிகள் மீது இதில் ஒரு குற்றமும் இல்லை, சொன்னதைத்தான் செய்தன.

ஆகவே விரித்த வரியில் உள்ள ‘எம்நோ’ என்று தொடங்கும் ஃபிளாக்குகளைக் குப்பை என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. அந்தப் பட்டியலைப் பேணுவது தொல்லையாகத் தோன்றினால், 2020-இல் வரையறுக்கப்பட்ட எக்ஸ்86-64 மட்டங்களை (எந்தெந்த ஆணைத் தொகுதிகள் உண்டு என்று குறிக்கும் படிநிலைகளை) பயன்படுத்தலாம். வி2 என்பது எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் வரை. வி3 என்பது அவற்றோடு ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ ஆகியவை. வி4 என்பது ஏவிஎக்ஸ்-512-இன் முக்கியப் பகுதிகள். ஜிசிசி 11 முதலும் கிளாங் 12 முதலும் இப்பெயர்களைப் புரிந்துகொள்கின்றன. என் பென்டியத்துக்கு ‘-மார்ச்=எக்ஸ்86-64-வி2 -எம்ட்யூன்=ஸ்கைலேக்’ என்பது சுருக்கமாகவும் பத்திரமாகவும் இருக்கிறது. எம்ட்யூன் என்பது, அனுமதிக்கப்பட்ட ஆணைகளில் எவற்றைத் தேர்ந்து எப்படி அடுக்குவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. பிராசசர் அறியாத ஆணையை அது ஒருபோதும் நுழைக்காது. கணினியில் எந்த மட்டம் செல்லும் என்று அறிய, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.33 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடர் நிரலை ‘--ஹெல்ப்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், அந்த மட்டங்களுக்கு எதிரே பொருந்துமா என்று எழுதிக் காட்டும்.

பொதுவான குறைந்த மட்டம் தேவைப்படும் சூழல் ஒன்று உண்டு. ஒரு கணினியில் கம்பைல் செய்த பைனரி தொகுப்புகளையே மற்றக் கணினிகளிலும் நிறுவுவதாக இருந்தால், அவை எல்லாவற்றிலும் ஓட வேண்டும். ரைசனும் ஐ5-உம் மட்டும் என்றால் வி3 போதும். பென்டியமும் சேர்ந்தால் வி2-க்கு இறங்க வேண்டும். இது பகிர்ந்து கம்பைல் செய்வதிலிருந்து வேறான விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல பிராசசர்களும் பழைய ஃபிளாக்குகளோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாம் படி: கம்பைலர் பதிப்புகளை ஒன்றாக்குதல்

பிராசசர்கள் வேறுபடலாம்; கம்பைலர்கள் வேறுபடக் கூடாது. எல்லாக் கணினிகளிலும் ‘ஜிசிசி -டம்ப்ஃபுல்வெர்ஷன்’, ‘ஜிசிசி -டம்ப்மெஷின்’ ஆகிய இரண்டையும் ஓட்டி, விடைகளைத் தாளில் எழுதி அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. முதன்மைப் பதிப்பு எண் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். முழு எண்ணும் ஒன்றாக இருந்தால் நிம்மதி.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, புதிய பிராசசர் பெயர்கள் பழைய கம்பைலருக்குத் தெரியாது. ‘ஸ்கைலேக்’ என்ற பெயர் ஜிசிசி 6-இலும், ‘இசட்என்வெர்5’ ஜிசிசி 14-இலும் வந்தவை. பெயர் தெரியாத உதவிக் கணினி, மார்ச் ஃபிளாக்கின் மதிப்பு தவறு என்று சொல்லித் திருப்பிவிடும். டிஸ்ட்சிசி அந்தக் கோப்பை உள்ளூரில் மீண்டும் கம்பைல் செய்யும். மறுபடியும் அதே கதை: பிழை தெரியாது, வேகம் மட்டும் இருக்காது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. பிரீபிராசசிங் கேட்கும் கணினியில் நடப்பதால், ஏவிஎக்ஸ் முதலிய ஆணைகளைச் சி மொழியிலிருந்தே அழைக்க உதவும் இன்ட்ரின்சிக் ஹெடர்கள் கேட்கும் கணினியின் ஜிசிசி-யிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அந்த ஹெடர்கள் கம்பைலருக்குள்ளேயே பதிந்திருக்கும் பில்ட்இன் செயல்கூறுகளை அழைக்கின்றன. உதவிக் கணினியின் ஜிசிசி வேறு பதிப்பாக இருந்தால், அந்தப் பெயரில் பில்ட்இன் இல்லை என்றோ, அதன் அளவுருக்கள் பொருந்தவில்லை என்றோ பிழை வரும். நூறு மென்பொருள்கள் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, வீடியோ கோடெக் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஒரே பதிப்பாக இருந்தாலும் வெவ்வேறு லினக்ஸ் வகைகள் ஜிசிசி-யை வெவ்வேறு இயல்புநிலைகளோடு கட்டமைக்கின்றன. கேட்கும் கணினியின் ஜிசிசி இயல்பாகவே பிஐஇ முறையில் (நினைவகத்தில் எந்த இடத்திலும் ஏற்றி ஓட்டக்கூடிய விதத்தில்) கம்பைல் செய்வதாகவும், உதவிக் கணினியின் ஜிசிசி அப்படி இல்லாததாகவும் இருந்தால், லிங்க் செய்யும் நேரத்தில் ‘ஆர்_எக்ஸ்86_64_32’ என்ற ரீலொகேஷனைப் பிஐஇ ஆப்ஜெக்டில் பயன்படுத்த முடியாது, எஃப்பிஐஇ ஃபிளாக்கோடு மறுபடி கம்பைல் செய் என்று லிங்க்கர் சொல்லும். அந்த ஃபிளாக்கை எல்லா இடத்திலும் ஒட்டவைப்பதைவிட, உதவிக் கணினியில் ஒரு க்ரூட் சூழல் (தனி லினக்ஸ் போல இயங்கும் கோப்புறை) அமைத்து, அதற்குள் அதே லினக்ஸ் வகையையும் அதே ஜிசிசி-யையும் வைத்து ஓட்டுவதே என் பரிந்துரை. ஒரு மாலை நேரம் செலவாகும். பிறகு தலைவலி இல்லை.

மூன்றாம் படி: உதவிக் கணினிகளைத் தயார் செய்தல்

ஒவ்வொரு உதவிக் கணினியிலும் டிஸ்ட்சிசிடி என்ற சேவையை இயக்க வேண்டும். ‘--அலவ்’ என்ற விருப்பத்தில் உள்ளூர் வலையமைப்பை மட்டும், எடுத்துக்காட்டாக 192.168.1.0/24 என்று குறிப்பிட வேண்டும். சேவை 3632-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இந்தப் போர்ட்டை இணையத்துக்கு ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. பழைய பதிப்புகளில் இந்த வழியாக வெளியாட்கள் விருப்பப்பட்ட கட்டளையை ஓட்ட முடிந்தது என்பது 2004-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் புதிய பதிப்புகளில், டிஸ்ட்சிசி-க்கான கோப்புறையில் குறியிணைப்பு (சிம்லிங்க்) உள்ள கம்பைலர்களை மட்டுமே சேவை ஓட்டும். புதிய கம்பைலரை நிறுவியபின் ‘அப்டேட்-டிஸ்ட்சிசி-சிம்லிங்க்ஸ்’ கட்டளையை ஓட்ட மறந்தால் உதவிக் கணினி மறுத்துவிடும்.

கம்பைலரின் பெயரும் முக்கியம். ஜென்டூ தன் கம்பைலரை ‘எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-குனு-ஜிசிசி’ என்ற முழுப்பெயரால் அழைக்கும்; டெபியனில் நடுவில் உள்ள ‘பிசி’ இருக்காது. உதவிக் கணினி டெபியன் என்றால், ஜென்டூவின் பெயரில் ஒரு குறியிணைப்பை உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: கேட்கும் கணினியின் அமைப்பு

டிஸ்ட்சிசி-யின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உதவிக் கணினிகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலில் இருப்பவற்றுக்கே முன்னுரிமை. என் பென்டியத்தில் உள்ள வரி இது: ‘192.168.1.20/12 192.168.1.30/4 லோக்கல்ஹோஸ்ட்/1’. சாய்கோட்டுக்குப் பின் இருப்பது ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை. எழுதாவிட்டால் வெளிக்கணினிக்கு 4 என்று கொள்ளப்படும். ‘,எல்இசட்ஓ’ என்று சேர்த்தால் அனுப்பும் தரவு சுருக்கப்படும். 100 மெகாபிட் அல்லது வைஃபை இணைப்புக்கு அது உதவும். கிகாபிட் கம்பி இருந்தால் நான் சேர்ப்பதில்லை.

ஜென்டூவின் மேக்.கான்ஃப் கோப்பில், காமன்_ஃபிளாக்ஸ் வரியில் ‘-ஓ2 -பைப்’ என்பதோடு முதற்படியில் கண்டெடுத்த ஃபிளாக்குகளைச் சேர்த்து, ஃபீச்சர்ஸ் வரியில் ‘டிஸ்ட்சிசி’ என்று எழுத வேண்டும். சிபியூ_ஃபிளாக்ஸ்_எக்ஸ்86 என்ற அமைப்பையும் ‘சிபியூஐடி2சிபியூஃபிளாக்ஸ்’ கருவியைக் கேட்கும் கணினியில் ஓட்டியே நிரப்ப வேண்டும். மேக்ஆப்ட்ஸ் வரியில் எத்தனை வேலைகள் என்பதற்கு, மொத்தக் கோர்களை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கேட்கும் கணினி வலுவாக இருந்தால் அது சரி. இரண்டு கோர் பென்டியத்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். பிரீபிராசசிங்கும் லிங்க்கும் அதன் தலையிலேயே விழுவதால், பதினாறு வெளியிடங்களுக்கும் தீனி போட அதனால் முடிவதில்லை. நான் ‘-ஜே10’ என்று தொடங்கி, நினைவகம் நிரம்பாத வரை கூட்டிப் பார்த்தேன். 12-க்கு மேல் பயன் தெரியவில்லை.

பிரீபிராசசிங்கையும் உதவிக் கணினிக்குத் தள்ளிவிடும் பம்ப் முறை, டிஸ்ட்சிசி 3.0 முதல் இருக்கிறது. கட்டுமானத்தின் நடுவில் ஹெடர்கள் மாறும் மென்பொருள்களில் அது தடுமாறுவதால், மற்றவை சரியாக ஓடும் வரை அதைத் தொட வேண்டாம். லிங்க் நேரத்தில் முழு நிரலையும் செம்மைப்படுத்தும் எல்டிஓ ஃபிளாக்கைப் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உண்மையான இயந்திர ஆணைகள் லிங்க் நேரத்தில்தான் உருவாகும் என்பதால், கனமான வேலை கேட்கும் கணினிக்கே திரும்பி வந்துவிடும். ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் எழுதப்பட்டவற்றை டிஸ்ட்சிசி பகிர்வதே இல்லை.

குடும்பமே வேறான பிராசசர்: ராஸ்பெரி பை

பை 4-இல் இருப்பது கார்டெக்ஸ்-ஏ72. இங்கே மார்ச் ஃபிளாக்குக்குப் பதிலாக ‘-எம்சிபியூ=கார்டெக்ஸ்-ஏ72’ என்று எழுதுவது பொருத்தம். கிரிப்டோ என்ற நீட்சியைச் சேர்க்கக் கூடாது. பை 4-இல் அது இல்லை.

உதவிக் கணினியான ரைசனில், வேறு குடும்பப் பிராசசருக்கான ஆணைகளை எழுதும் கிராஸ் கம்பைலர் வேண்டும். ஜென்டூவில் ‘கிராஸ்டெவ் --டார்கெட் ஏஆர்ச்64-அன்நோன்-லினக்ஸ்-குனு’ என்ற கட்டளை அதைக் கட்டித் தரும். ஜிசிசி பதிப்பைப் பையில் உள்ளதோடு பொருத்திக் குறிப்பிட வேண்டும். அடுத்த சிக்கல் பெயரில் இருக்கிறது. பையில் உள்ள கட்டுமானக் கோப்பு வெறுமனே ‘ஜிசிசி’ என்று அழைத்தால், ரைசனில் அதே பெயரில் இருக்கும் எக்ஸ்86 கம்பைலர் எழுந்து, எக்ஸ்86 ஆப்ஜெக்டைத் திருப்பி அனுப்பும். பையின் லிங்க்கர் அதைப் பார்த்துக் கோப்பின் வடிவம் தவறு என்றோ, ‘ஈஎம்: 62’ என்ற எண்ணைக் காட்டியோ நின்றுவிடும். 62 என்பது எக்ஸ்86-64-இன் அடையாள எண், ஏஆர்ச்64-க்கு 183. புதிய டிஸ்ட்சிசி பதிப்புகள் வெறும் பெயரை முழுப்பெயராக மாற்றியே அனுப்புகின்றன. மாற்றாத பதிப்பாக இருந்தால், பையில் டிஸ்ட்சிசி கோப்புறையில் உள்ள ஜிசிசி, ஜி++, சிசி, சி++ ஆகிய குறியிணைப்புகளை நீக்கிவிட்டு, முழுப்பெயரில் அழைக்கும் சிறு ஷெல் நிரலை அவற்றின் இடத்தில் வைக்க வேண்டும்.

சரிபார்த்தல்

பெரிய மென்பொருளைத் தொடங்கும் முன், ஒரே ஒரு சி கோப்பை அனுப்பிப் பார்க்க வேண்டும். டிஸ்ட்சிசி_ஃபால்பேக் என்ற சூழல் மாறியை 0 என்றும், டிஸ்ட்சிசி_வெர்போஸ் என்பதை 1 என்றும் வைத்துக்கொண்டால், வெளியே கம்பைல் செய்ய முடியாதபோது உள்ளூருக்குத் திரும்பாமல் காரணத்தைச் சொல்லி நின்றுவிடும். அனுப்பும் கோப்பின் பெயர் ‘கான்ஃப்டெஸ்ட்’ என்று தொடங்கக் கூடாது. கட்டுமானத்துக்கு முன் ஆட்டோகான்ஃப் கருவி நடத்தும் சோதனைகள் என்று கருதி அவற்றை டிஸ்ட்சிசி எப்போதும் உள்ளூரிலேயே முடித்துவிடும்.

கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பை ‘ரீட்எல்ஃப் -ஹெச்’ கட்டளையால் பார்த்தால், எந்தப் பிராசசர் குடும்பத்துக்கானது என்று தெரியும். பிறகு ‘ஆப்ஜ்டம்ப் --டிஸ்அசெம்பிள்’ வெளியீட்டில் ‘ஒய்எம்எம்’ என்ற ரெஜிஸ்டர் பெயரைத் தேட வேண்டும். அது ஏவிஎக்ஸ் ஆணைகளின் கையொப்பம். என் பென்டியத்துக்காகக் கம்பைல் ஆன சாதாரண நிரலில் அது ஓரிடத்தில்கூட வரக் கூடாது. ஜிலிப்சி, எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றில் மட்டும் வரலாம். ஓடும்போது பிராசசரைக் கேட்டுவிட்டுப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் நிரல்கள் அவை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் ‘டிஸ்ட்சிசிமான்-டெக்ஸ்ட் 1’ என்று ஓட்டிவைத்தால், எந்தக் கோப்பு எந்தக் கணினியில் கம்பைல் ஆகிறது என்று நொடிக்கொருமுறை காட்டும். ஜென்டூவின் தொகுப்பு மேலாளரான போர்டேஜின் வேலைகளைக் காண, டிஸ்ட்சிசி_டிர் என்ற மாறி போர்டேஜின் டிஸ்ட்சிசி கோப்புறையைச் சுட்ட வேண்டும். அடுத்த முறை ஜிசிசி-யைப் புதுப்பிக்கும்போது உதவிக் கணினிகளில் புதிய பதிப்பை முதலில் நிறுவி, கிராஸ் கம்பைலரையும் குறியிணைப்புகளையும் புதுப்பித்து, கேட்கும் கணினியைக் கடைசியில் மாற்ற வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பெரிய கம்பைல் எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது.